கடற்கரை தரும் வாசல் தோரணம்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் தோட்டத்து மக்களுக்குக் கடற்கரைப் பயணம் என்றால் தனி உற்சாகம்தான். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு வேன் பிடித்து, சோற்றுப் பானையும் கோழிக் குழம்புமாக மோரிப்புக்குப் புறப்பட்டுவிடுவோம். மாலையில் திரும்பும்போது பிள்ளைகளின் கால்சட்டைப் பைகளில் பாதி மணலும் பாதி சிப்பியும் இருக்கும். மறுநாள் அவை குப்பைக்குப் போகும். இனி அப்படி வீசிவிடாதீர்கள். காசு செலவில்லாமல் அவற்றால் வீட்டு வாசலுக்கு அழகிய தோரணம் கட்டலாம்.

அதற்கு முன் என் வகுப்பில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கைவேலைப் பாடத்துக்குச் சிப்பி கொண்டுவரச் சொல்லியிருந்தேன். மாணவி ஒருத்தி எலுமிச்சை அளவில் அழகான சுருள் சங்கு ஒன்றைக் கொண்டுவந்தாள். எல்லாரும் பாராட்டினோம், அலமாரியில் வைத்தேன். மூன்றாம் நாள் வகுப்பறையில் ஒரே நாற்றம். எலி ஏதும் செத்துக் கிடக்கிறதோ என்று தேடினோம். கடைசியில் சங்கைத் தட்டிப் பார்த்தால், உள்ளே ஒரு சின்ன நண்டு இறந்து கிடந்தது. "டீச்சர், நானா அதைக் கொன்னுட்டேன்?" என்று அந்தப் பிள்ளை அழுதாள். குற்றம் அவளுடையதல்ல. எடுத்துவரச் சொன்ன நான், பார்த்து எடுக்கச் சொல்லவில்லை.

அது துறவி நண்டு. அதன் பின்னுடல் மென்மையானது. அதைக் காக்கச் சொந்த ஓடு கிடையாது. காலியான சங்குக்குள் புகுந்து வாழும். உடல் பெருத்தால் பெரிய சங்கு தேடும். நமக்கு அலங்காரப் பொருள், அதற்கு வீடு. இருந்த வீட்டை விட்டுப் போவது எவ்வளவு துன்பம் என்று தோட்டத்து மக்களுக்குச் சொல்லவா வேண்டும்?

ஆகவே, சுருள் சங்குகளை அங்கேயே விட்டுவிடுங்கள். கூம்பு வடிவச் சங்கைத் தொடவே வேண்டாம்; அதற்குள் உயிர் இருந்தால் விஷமுள்ளால் குத்தும். கெராங் போன்ற சிப்பிகளின் ஒற்றை ஓடுகள், சவுக்குக் காய்கள், கரை ஒதுங்கிய குச்சிகள் ஆகியவையே நமக்குப் போதும். ரெடாங், தியோமான் போன்ற தீவுகளின் கடல் பூங்காக்களில் அனுமதியின்றிச் சிப்பியோ பவளமோ எடுப்பது சட்டப்படி குற்றம்.

எப்போது போகலாம்? வீட்டு நாட்காட்டியைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமி நாட்களிலும் அடுத்த இரண்டொரு நாட்களிலும் கடல் வெகுதூரம் வற்றும். ஆனால் வற்றிய நீர் சுமார் ஆறு மணி நேரத்தில் மீண்டும் ஏறிவிடும். பிள்ளைகளைச் சேற்றுக்குள் தூரமாக விடாதீர்கள். அலை கொண்டுவந்த குப்பை வரிசையாகக் கிடக்கும் மேல்கரையிலேயே வேண்டியதெல்லாம் கிடைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் சிப்பிகளையும் குச்சியையும் நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊறவையுங்கள். தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். சிப்பிகளைப் பழைய பல் துலக்கியால் தேய்த்து, எல்லாவற்றையும் வெயிலில் காயவையுங்கள். வினிகர் ஊற்றாதீர்கள், அது சிப்பியையே அரித்துவிடும். துளையிட ஆணியும் சுத்தியலும் வேண்டாம்; உடைந்துவிடும். சிப்பியின் முதுகுப்புறத்தில் புடைத்திருக்கும் மேட்டை ஈரமான சிமெண்டுத் தரையில் தேய்த்தால் தானாகத் துளை விழும். ஈரம் இருந்தால் தூள் மூக்கில் ஏறாது.

தூண்டில் நரம்பில் ஏழு சிப்பிகளைக் கோத்து, ஒவ்வொன்றின் கீழும் முடிச்சிட்டு, நுனியில் ஒரு சவுக்குக் காயைக் கட்டுங்கள். இப்படி ஐந்து சரங்களைக் குச்சியில் வரிசையாகத் தொங்கவிட்டால் தோரணம் தயார். காற்று வீசும்போது அது எழுப்பும் ஒலியைக் கேட்டுப் பாருங்கள்!

அந்த மாணவியின் வீட்டு வாசலிலும் இப்போது அப்படி ஒரு தோரணம் ஆடுகிறது. அடுத்த முறை கடற்கரைக்குப் போனபோது, ஒரு சங்கை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். மெல்ல மணலிலேயே வைத்தாள். "டீச்சர், வீட்டுல ஆள் இருக்கு" என்றாள்.

வரும் விடுமுறையில் உங்கள் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுங்கள்.