போக எட்டு, வர ஏழு

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே ஏறக்குறைய 5,540 கி.மீ. போனாலும் வந்தாலும் தூரம் அதேதான். ஆனால் கால அட்டவணையில் நியூயார்க் போக எட்டு மணி நேரம், லண்டன் திரும்ப ஏழு மணி நேரம் என்று போட்டிருக்கும்.

"பூமி சுழல்கிறதே, அதனால்தான்" என்பார்கள் பலர். பூமி சுழல்வது மேற்கிலிருந்து கிழக்காக. அப்படிப் பார்த்தால், நியூயார்க் தானே எதிர்கொண்டு வர, மேற்கே போகிறவர் அல்லவா சீக்கிரம் சேர வேண்டும்? பூமியோடு காற்றும் சேர்ந்தே சுழல்வதால் இந்தக் கணக்கு எடுபடாது.

உண்மையான காரணம் ஜெட் ஸ்ட்ரீம் என்னும் காற்றாறு. வெப்பமண்டலத்துக்கும் துருவத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டால் பிறக்கும் இந்தக் காற்றை, பூமியின் சுழற்சி கிழக்கே திருப்பிவிடுகிறது. ஆக, சுழற்சிக்கும் பங்குண்டு, சுற்றுவழியில்! தரையிலிருந்து ஒன்பது முதல் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில், பயணிகள் விமானங்கள் பறக்கும் மட்டத்திலேயே, இது ஓடுகிறது. குளிர்காலத்தில் வேகம் இன்னும் கூடும். ஜப்பானிய வானிலை ஆய்வாளர் வசபுரோ ஓயிஷி 1920-களிலேயே பலூன்களைப் பறக்கவிட்டு இதைக் கண்டுபிடித்தார். உலகமே படிக்கட்டும் என்று, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் அறிக்கை எழுதினார். பாவம், படித்தவர்கள் மிகக் குறைவு.

இந்தக் காற்று விமானத்தை என்ன செய்யும் என்று ஆற்றில் பரிசல் விடுகிறவருக்கு விளக்க வேண்டியதில்லை. விமானம் காற்றுக்குள் மணிக்கு 900 கி.மீ. போகிறது என்று வையுங்கள். பின்னாலிருந்து 160 கி.மீ. காற்று தள்ளினால் தரைக்கணக்கில் வேகம் 1,060. எதிர்த்து அடித்தால் 740.

2020 பிப்ரவரியில் சியாரா புயலை ஒட்டி இந்தக் காற்று வெறிகொண்டு வீச, பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரைவேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. கடல்மட்டத்தில் ஒலியின் வேகமே சுமார் 1,225 கி.மீ.தான். ஆனாலும் அது ஒலியை முந்தவில்லை. தன்னைச் சுற்றியிருந்த காற்றுக்குள் வழக்கமான வேகத்தில்தான் போனது.

இதனால் விமானிகளுக்கு மிகக் குறுகிய வழியே எப்போதும் நல்ல வழியாகிவிடாது. உருண்டை உலகில் இரு ஊர்களுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்தால் அது அயர்லாந்து, நியூஃபவுண்ட்லாந்து பக்கமாக வளைந்து போகும். அதுதான் குறுக்குவழி. ஆனால் அட்லாண்டிக் மேலுள்ள வான்பாதைகளைக் காற்றைப் பார்த்து நாள்தோறும் இரண்டு முறை புதிதாக வகுக்கிறார்கள். கிழக்கே போகிறவர்கள் காற்றாற்றில் ஏறிக்கொள்வார்கள். மேற்கே போகிறவர்கள் கொஞ்சம் சுற்றினாலும் பரவாயில்லை என்று விலகிப் போவார்கள்.

சென்னையிலிருந்து நேரே லண்டன் போகும் விமானத்துக்கும் இதே கதைதான்: போகும்போதுதான் நேரம் கூடுதல்.