மாணவர் எழுதித் தரும் உறுதிமொழிக்கு கல்லூரி என்ன தருகிறது?

புது தில்லி: பிளஸ் 2 முடிவுகள் வந்ததும் மதிப்பெண் பட்டியலோடு பதக்கச் சான்றிதழ்களையும் சுமந்துகொண்டு ஆண்டுதோறும் தலைநகரின் கல்லூரிகளை நாடி வரும் இளம் வீரர், வீராங்கனைகள் ஏராளம். அவர்களும் பெற்றோரும் முதலில் கேட்பது, "எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும்?" என்பதே. "எந்தக் கல்லூரியில் விளையாட்டைத் தொடர முடியும்?" என்ற கேள்வி பெரும்பாலும் இடம் கிடைத்த பிறகே எழுகிறது. அதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் விளையாட்டுக்கும், இசை, நாடகம் போன்ற பிற திறன்களுக்கும் சேர்த்து, வழக்கமான இடங்களுக்கு மேல் 5 சதவீதம் வரை கூடுதல் இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. 2022-ல் பொது நுழைவுத் தேர்வு நடைமுறைக்கு வந்தபோது, அத்தேர்வின் மதிப்பெண்ணுக்கு 25 சதவீதமும், சான்றிதழ்கள் மற்றும் களத் தேர்வுக்கு 75 சதவீதமும் என்று கணக்கிடும் முறை அறிவிக்கப்பட்டது. எல்லாக் கல்லூரிகளும் எல்லா விளையாட்டுகளுக்கும் இடம் தருவதில்லை. ஒரு கல்லூரியில் கூடைப்பந்துக்கு இடம் இருக்கும், தடகளத்துக்கு இருக்காது.

இந்த ஒதுக்கீட்டில் சேரும் மாணவர், படிக்கும் காலம் முழுவதும் கல்லூரிக்காகவும் பல்கலைக்கழகத்துக்காகவும் விளையாடுவதாக முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதித் தர வேண்டும். அதற்கு ஈடாகக் கல்லூரி தரும் உறுதி என்ன என்பதுதான் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

தூரமும் ஒரு தகுதி

முதலில் பார்க்க வேண்டியது பயிற்சிக் களத்தின் தொலைவு. தேசிய அளவிலான வீரர்கள் பயிற்சி பெறும் கர்ணி சிங் துப்பாக்கி சுடும் மையம் நகரின் தென்கோடியில், துக்ளகாபாதில் உள்ளது. புகழ்பெற்ற கல்லூரிகள் பல அமைந்துள்ள வடக்கு வளாகமோ மறுகோடி. பெயருக்காக அங்கு சேரும் துப்பாக்கி சுடும் மாணவரின் நாளில் பெரும்பகுதி பயணத்திலேயே கரையும். 2010 காமன்வெல்த் போட்டியின் ரக்பி ஆட்டங்கள் நடைபெற்றதே தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில்தான். ஆனால், வளாகத்தில் மைதானம் இருப்பது வேறு. தம் விளையாட்டுக்கான பயிற்சியாளர் நாள்தோறும் அங்கு இருப்பது வேறு.

அடுத்தது வருகைப்பதிவும் தேர்வும். போட்டிக்குச் சென்ற நாள்கள் வருகையாகக் கணக்கிடப்படுமா? தேசிய முகாமும் பருவத் தேர்வும் ஒரே வாரத்தில் வந்தால் மறுதேர்வு உண்டா? வாய்மொழிப் பதிலை நம்பாமல், எழுத்து வடிவிலான விதியைக் கேட்டுப் பெறுவதே நல்லது. லேடி ஸ்ரீராம் கல்லூரி மாணவியாக இருந்த மனு பாக்கர், 2021 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன் குரோஷியாவில் பயிற்சியில் இருந்தபடியே பட்டப்படிப்புத் தேர்வை எழுத நேர்ந்தது. பெருந்தொற்றால் தேர்வுகள் இணையவழிக்கு மாறியிருந்ததே அதற்கு வழி செய்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலம் வென்ற வீராங்கனைக்கு அன்று கைகொடுத்தது விதியல்ல, சூழ்நிலை. எல்லோருக்கும் அது வாய்க்காது.

கோவையில் தொடங்கிய பாதை

தில்லித் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த தேஜஸ்வின் சங்கரின் அனுபவம் இன்னொரு பாடம். 2016-ல் கோவையில் நடந்த தேசிய இளையோர் தடகளத்தில் 2.26 மீட்டர் உயரம் தாண்டி தேசிய சாதனை படைத்த அவர், மறு ஆண்டு அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் உயரம் தாண்டுதலில் முதலிடம் பெற்றார். படிப்பும் பயிற்சியும் ஒரே கூரையின்கீழ் கிடைத்ததன் பலன் இது.

ஆனால், அந்தத் தேர்வுக்கும் ஒரு விலை இருந்தது. 2022 ஜூனில் சென்னையில் நடந்த மாநிலங்களுக்கிடையிலான தடகளத்தில் அவர் பங்கேற்கவில்லை. தகுதி உயரத்தை அமெரிக்காவில் எட்டியிருந்தும், காமன்வெல்த் அணியில் முதலில் இடம் கிடைக்கவில்லை. தில்லி உயர் நீதிமன்றத்தை நாடிய பிறகே பர்மிங்காம் செல்ல வழி பிறந்தது. அங்கு வெண்கலம் வென்று, காமன்வெல்த் உயரம் தாண்டுதலில் இந்தியாவின் முதல் பதக்கத்தைக் கொண்டுவந்தார். வெளிநாட்டில் படிக்க விரும்புவோர், கல்லூரியின் போட்டி அட்டவணையை இந்தியத் தேர்வுப் போட்டிகளின் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

பஞ்சாபின் வழி

பல்கலைக்கழக விளையாட்டில் சிறந்து விளங்கும் நிறுவனத்துக்கு மத்திய அரசு வழங்கும் மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பையை, அமிருதசரஸின் குருநானக் தேவ் பல்கலைக்கழகமும் சண்டீகரின் பஞ்சாப் பல்கலைக்கழகமும் பலமுறை வென்றுள்ளன. இந்தக் கோப்பைப் பட்டியலையும், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளின் முடிவுகளையும் பார்த்தாலே, எந்த நிறுவனம் எந்த விளையாட்டில் உண்மையாகவே முதலீடு செய்கிறது என்பது விளங்கும். விளம்பரக் கையேடு அதைச் சொல்லாது.

கடைசியாக ஒரு கேள்வி: காயம் பட்டு விளையாட முடியாமல் போனால்? சேர்க்கையே கேள்விக்குறியாகுமா, படிப்பைத் தொடர முடியுமா? பெரும்பாலான வீரர்களுக்கு விளையாட்டு வாழ்க்கை முப்பது வயதை ஒட்டி முடிந்துவிடும். அதன் பிறகு துணை நிற்கப்போவது பட்டமே. ஆர்வமில்லாத பாடத்தை, இடம் காலியாக இருந்தது என்பதற்காக ஏற்பது பின்னாளில் சுமையாகும்.

பல்கலைக்கழக மாணவர்களுக்கான கேலோ இந்தியா போட்டிகளை 2020-ல் புவனேசுவரத்தில் தொடங்கிவைத்த மத்திய அரசு, பதக்கங்களை எண்ணுவதோடு நின்றுவிடக் கூடாது. மறுதேர்வு, வருகைச் சலுகை, காயமுற்றோருக்குப் பாதுகாப்பு ஆகியவற்றை நாடெங்கும் ஒரே விதியாக்க வேண்டும். முத்திரைத்தாளில் மாணவர் மட்டும் கையெழுத்திடுவது ஒப்பந்தம் ஆகாது.