வீடு திரும்பும் நோயாளிக்கு ஓர் அறை

இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை பெற்ற முதியவர் ஒருவர் வீடு திரும்புவதற்கு இரண்டு நாட்களுக்கு முன், அவருடைய மகள் தம் கைப்பேசியில் சில படங்களை எங்களுக்குக் காட்டினார். வெண்ணிறச் சுவர்கள், பளபளக்கும் வெளிர்நிறத் தரை, தரையோடு ஒட்டிய தாழ்வான கட்டில், மூலையில் ஒரேயொரு பூந்தொட்டி. வேறு எதுவும் இல்லை. "ஸ்காண்டிநேவிய பாணி என்று போட்டிருக்கிறார்கள். அப்பாவின் அறையை இப்படி மாற்றிவிட்டால் சீக்கிரம் எழுந்து நடந்துவிடுவாரா?" என்று கேட்டார். அதற்காக நகையை அடகு வைக்கவும் அவர் ஆயத்தமாக இருந்தார். அன்று அவருக்குக் கூறிய விடையையே இங்குச் சற்று விரித்து எழுதுகிறோம்.

ஸ்வீடன், நார்வே, டென்மார்க் ஆகிய நாடுகளும் அவற்றின் அண்டை நாடான பின்லாந்தும் பூமியின் வடகோடியில் உள்ளவை. குளிர்காலத்தில் அங்குப் பகல் சில மணி நேரமே நீடிக்கும். கிடைக்கும் சிறிதளவு வெளிச்சத்தையும் வீணாக்காமல் அறைக்குள் பரப்புவதற்காகவே அம்மக்கள் வெள்ளைச் சுவரையும் பெரிய சன்னலையும் வெளிர்நிற மரத்தையும் விரும்பினார்கள். அழகு அதனோடு சேர்ந்து வந்தது.

இப்பாணி வளர்ந்த கதையில் ஒரு மருத்துவமனைக்கும் பெரும்பங்கு உண்டு. பின்லாந்தின் பைமியோ என்னும் ஊரில் காசநோயாளிகளுக்கான மருத்துவமனையைக் கட்டும் பொறுப்பு, 1929-இல் நடந்த போட்டியின் வழியாக அல்வர் ஆல்டோ என்ற கட்டடக் கலைஞருக்குக் கிடைத்தது. 1933-இல் பணி முடிந்தது. அக்காலத்தில் காசநோய்க்கு மருந்து இல்லை. வெயிலும் காற்றும் ஓய்வுமே சிகிச்சை. ஆல்டோ, அறையை நின்றுகொண்டிருப்பவரின் கண்ணால் பார்க்காமல் படுத்திருப்பவரின் கண்ணால் பார்த்தார். நாள் முழுவதும் மேற்கூரையையே பார்த்துக் கிடப்பவருக்குக் கண் கூசக்கூடாது என்று கூரைக்கு மென்பச்சை வண்ணம் பூசச் செய்தார். விளக்கைப் படுத்திருப்பவரின் பார்வையில் நேரடியாகப் படாத இடத்தில் வைத்தார். ஓரறையில் இருவர் தங்குவதால், ஒருவர் கைகழுவும்போது மற்றவரின் உறக்கம் கலையாதபடி நீர் ஓசையின்றி விழும் தொட்டியை வடிவமைத்தார். கதவுக் கைப்பிடிகூட மருத்துவரின் அங்கியில் சிக்காத வடிவில் அமைந்தது. மூச்சு எளிதாக வாங்க உதவும் சாய்வுடன், வளைத்த மரப்பலகையால் அவர் செய்த நாற்காலி இன்றும் உலகெங்கும் பேசப்படுகிறது.

அப்படியானால் அறைதான் நோயைக் குணமாக்குகிறதா? இதற்கு விடை நம் தமிழ்நாட்டிலேயே கிடைத்தது. தாம்பரத்தில் மருத்துவர் சௌரி முத்து 1928-இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனையும் காற்று, வெயில், ஓய்வு என்ற அதே நம்பிக்கையில் எழுந்ததுதான். பின்னர் மருந்துகள் வந்தன. 1956-இல் சென்னையில் அமைந்த காசநோய் வேதிச்சிகிச்சை மையம் ஓர் ஆய்வை மேற்கொண்டது. நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு மருத்துவமனையில் படுக்கையும் நல்லுணவும் ஓய்வும் தந்து சிகிச்சை. மறுபகுதியினருக்கு அவரவர் வீட்டிலேயே அதே மருந்துகள். வீடுகளோ சென்னையின் நெருக்கடியான ஏழைக் குடியிருப்புகள். 1959-இல் வெளியான முடிவு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது: வீட்டில் மருந்து உண்டவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்திருந்தனர். மாத்திரையை முறையாக உண்டதே அவர்களைக் காத்தது. ஆகவே அந்த மகளிடம், நகை பெட்டியிலேயே இருக்கட்டும், அடுத்த மூன்று மாதத்து மருந்துக்கும் உடற்பயிற்சிக்கும் வேண்டிய பணத்தை முதலில் ஒதுக்குங்கள் என்றோம்.

ஆனால் ஆல்டோவிடமிருந்து செலவின்றிப் பெறக்கூடியது ஒன்று உண்டு. "இன்றிரவு அப்பாவின் கட்டிலில் பத்து நிமிடம் படுத்துப் பாருங்கள். பிறகு அங்கிருந்து எழுந்து, விளக்கைப் போடாமல் கழிப்பறை வரை நடந்து பாருங்கள்" என்று அவரிடம் கூறினோம்.

மறுநாள் அவர் கூறியதைக் கேட்டு எங்களுக்கு வியப்பில்லை. குழல்விளக்கு நேரே கண்ணில் அடித்தது. சன்னல் தலைமாட்டுக்குப் பின்னால் இருந்தது. படுத்திருந்தால் சுவரும் நாட்காட்டியும் மட்டுமே தெரிந்தன. கழிப்பறைக்குச் செல்லும் வழியில் அரிசி மூட்டை, காலி சிலிண்டர், தையல் இயந்திரம், நிற்கும் மின்விசிறியின் நீண்ட வயர், சுருட்டிவைத்த பாய்கள். அறை வாசலில் இரண்டங்குல உயர நிலைப்படி. வாக்கரைப் பிடித்து நடப்பவருக்குக் குறைந்தது மூன்றடி அகல வழி வேண்டும். அங்கு இருந்ததோ ஒன்றரை அடி. முறிந்த எலும்பு சேர்ந்துவருகையில் மீண்டும் விழுந்து திரும்பி வருபவர்களை நாங்கள் காண்கிறோம். அவர்களில் பலர் இரவில், கழிப்பறைக்குச் செல்லும் வழியிலேயே விழுகிறார்கள். எனவே எளிமை என்பது எங்களுக்கு அலங்காரம் அன்று, நடப்பதற்கான வழி. மூட்டையும் சிலிண்டரும் பக்கத்து அறைக்குப் போகட்டும். வயர் சுவரோரமாகச் செல்லட்டும். பொருள்களைப் பரணில் ஏற்றுவது நல்லதே. ஆனால் நோயாளிக்கு அடிக்கடி வேண்டியதை அங்கே ஏற்றிவிடாதீர்கள், எட்டி எடுக்க முயல்வார். பழைய வீடுகளில் சுவருக்குள்ளேயே மாடக்குழி இருக்கும். தரையில் இடம் பிடிக்காமல் மாத்திரையும் தண்ணீரும் மூக்குக்கண்ணாடியும் வைக்க அதனினும் சிறந்த அலமாரியை எந்த நாட்டாரும் வடிவமைத்ததாக நாங்கள் அறியோம்.

அந்தப் படங்களில் இருந்த சிலவற்றை அப்படியே பின்பற்றினால் ஆபத்து. தாழ்வான கட்டிலும் அமுங்கும் சோபாவும் இடுப்பு, முழங்கால் அறுவை சிகிச்சை பெற்றவர்களுக்கு ஆகாதவை. எழுவதற்கே போராட வேண்டும். இடுப்பில் மாற்று மூட்டு பொருத்தியிருந்தால் அது நழுவவும் கூடும். கட்டில் விளிம்பில் அமரும்போது பாதம் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும். இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். தொய்ந்த கயிற்றுக் கட்டிலும் இக்காரணத்தால் சில மாதங்களுக்கு வேண்டாம். நாற்காலிக்குக் கைப்பிடி கட்டாயம். பிளாஸ்டிக் நாற்காலியானால் அதைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள்; டைல்ஸ் தரையில் அதன் கால்கள் அகன்று வழுக்கும்.

முழு வெண்மையும் அவ்வாறே. பார்வை மங்கியவருக்கு வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளைக் கழிப்பறைப் பீடம் யாவும் ஒன்றாகக் கலந்துவிடும். விளிம்பு எங்கே என்று தெரியாது. ஒரு சிறு டப்பா மஞ்சள் வண்ணம் வாங்கி நிலைப்படியின் விளிம்பிலும் படிக்கட்டுகளிலும் பட்டையாகப் பூசுங்கள். அலங்காரத்துக்கு விரிக்கும் சிறு கம்பளங்களையும் கால்மிதிகளையும் எடுத்துவிடுங்கள். ஈரமானால் வழுக்கும் பளபளப்பான டைல்ஸைக் குளியலறையில் பதிக்காதீர்கள். சுவரில் பிடிமானக் கம்பி வேண்டும். துண்டு தொங்கவிடும் கம்பி ஆள் எடையைத் தாங்காது. பூட்டுக்குப் பெயர்பெற்ற மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லத் தயக்கமே. எனினும் நோயாளி உள்ளிருக்கும்போது குளியலறைக் கதவு தாழிடப்படாமல் இருப்பது நல்லது.

வெண்மை நம் ஊரில் முதலில் வேண்டியது மொட்டைமாடிக்குத்தான். நமக்கு வெளிச்சப் பஞ்சம் இல்லை. சித்திரை வெயிலில் கான்கிரீட் கூரை பகலில் வாங்கிய வெப்பத்தை இரவெல்லாம் கீழே இறக்குகிறது. மாடித்தளத்தில் சுண்ணாம்போ வெப்பத்தைத் திருப்பும் வெள்ளை வண்ணமோ பூசினால் கீழறையின் வெம்மை தணியும். வடநாட்டார் வெயிலை வரவேற்க வைத்த பெருஞ்சன்னலை நாம் மேற்குச் சுவரில் வைத்தால் மாலையில் அறை அடுப்பாகிவிடும். ஏற்கெனவே வைத்திருந்தால் வெளியே தென்னங்கீற்றுத் தட்டி கட்டுங்கள். திரைச்சீலைக்குச் சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலை ஒன்று பழையதாக வீட்டில் இருக்குமே. காற்றை விடும், எளிதில் துவைக்கலாம். தூசி தேங்கும் கனத்த திரைகள் மூச்சுத்திணறல் உள்ளவர்களுக்கு ஆகா.

கட்டிலைத் திருப்பிப் போடுவதற்கும் செலவில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், பித்தப்பை அறுவை சிகிச்சை பெற்ற 46 பேரின் குறிப்புகளை ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் ஒப்பிட்டு 1984-இல் வெளியிட்டார். பாதிப்பேரின் சன்னலுக்கு வெளியே மரங்கள், மீதிப்பேருக்குச் செங்கற்சுவர். மரங்களைப் பார்த்திருந்தவர்கள் விரைவில் வீடு திரும்பினர்; கடுமையான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. ஒரே ஆய்வை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்ய இயலாது. ஆயினும் உங்கள் வாசலில் ஒரு வேப்பமரம் நிற்குமானால், அது படுத்திருப்பவரின் கண்ணில் படட்டும்.

இறுதியாக, அகற்றக் கூடாதவை. அந்த மகள் தம் தந்தையின் பழைய வானொலியையும், மறைந்த தாயாரின் படத்தையும், முருகன் படம் போட்ட நாட்காட்டியையும் அழகு கெடும் என்று எடுத்துவிட எண்ணியிருந்தார். வேண்டாம் என்றோம். மருத்துவமனையில் பல நாள் தங்கிய முதியவர்களுக்கு நாளும் பொழுதும் குழம்புவது உண்டு. இரவில் மனைவியைத் தேடுவார்கள், இது யார் வீடு என்பார்கள். பழகிய பொருளும் பெரிய எழுத்து நாட்காட்டியும் கண்ணில் படும் கடிகாரமும் அவர்களை நிலைக்குக் கொண்டுவர உதவும். காலியான வெள்ளை அறை அவருக்கு மீண்டும் ஒரு மருத்துவமனையாகவே தோன்றும்.

அம்முதியவர் இப்போது வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறியிருக்கிறார். அறைக்குப் புதிதாக வந்தவை மஞ்சள் வண்ண டப்பா, சிறு இரவு விளக்கு, குளியலறைக் கம்பி ஆகிய மூன்று மட்டுமே. நீங்களும் நோயாளியை அழைத்துச் செல்லும் நாளுக்கு முன், கட்டிலிலிருந்து கழிப்பறை வரையுள்ள வழியைக் கைப்பேசியில் படமெடுத்து வாருங்கள். எங்கள் இயன்முறை மருத்துவர் பார்த்து, எதை நகர்த்த வேண்டும் என்று கூறுவார். முன்னதாக இயலாவிட்டால் தையல் பிரிக்க வரும் நாளிலேனும் காட்டுங்கள்.