சீன தேசத்தில் ஒரு வருஷ உபாத்தியாயம்

சீன தேசத்துக்குப் போய் ஒரு வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு வரலாம் என்று எண்ணுகிற பட்டதாரிகள் இன்று உலகத்தின் பல பாகங்களிலும் இருக்கிறார்கள். ஊர் பார்க்கும் ஆசை, கையில் சிறிது பணம் சேர்க்கும் ஆசை, புதிய பாஷை ஒன்றைக் கற்கும் ஆசை என்று அவர்களைப் புறப்படச் செய்யும் காரணங்கள் பல. அவற்றில் எதையும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஒரு வருஷம் பயன்படுவதும் வெறும் பிரயாணமாகக் கழிவதும், போகிறவர் வகுப்பறையைத் தமது பிரதான காரியமாகக் கொள்கிறாரா என்பதைப் பொறுத்தே இருக்கின்றன என்று, இந்த விஷயத்தின் பழைய சரித்திரத்தைப் படித்த பிறகு எனக்கு உறுதிப்பட்டிருக்கிறது.

சரித்திரம் நூறு வருஷங்களுக்கு மேற்பட்டது. அமெரிக்கத் தத்துவ ஞானி ஜான் டூயி, சில பிரசங்கங்கள் செய்துவிட்டுத் திரும்பும் உத்தேசத்துடன் 1919 ஏப்ரல் இறுதியில் ஷாங்காயில் வந்து இறங்கினார். இறங்கிய சில நாட்களுக்குள் மே 4-ஆம் தேதி பெய்ஜிங் மாணவர்களின் மகத்தான கிளர்ச்சி தொடங்கிவிட, அந்த உத்வேகத்தை நேரில் கண்டவர் ஊர் திரும்ப மனமின்றி 1921 ஜூலை வரை அங்கேயே தங்கிவிட்டார். 1920 அக்டோபரில் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் வந்தார். சாவ் யுவான்ரென் என்ற பன்மொழி வல்லுநர் அருகில் நின்று மொழிபெயர்க்க, பெய்ஜிங்கில் தர்க்கமும் தத்துவமும் போதித்தார். மறு வருஷம் வசந்த காலத்தில் நிமோனியா கண்டு உயிர் ஊசலாடியபோது, அவர் இறந்தேவிட்டார் என்று ஜப்பானியப் பத்திரிகைகள் செய்தி வெளியிட்டன. பிழைத்தெழுந்து, ஊர் திரும்பி, 1922-இல் சீனாவின் பிரச்சினைகளைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். இருவரும் மகான்கள், இருவருடைய வரவாலும் சீனத்துச் சிந்தனை செழித்தது. எனினும் அவர்கள் பேசியது பெரும்பாலும் பிரசங்க மண்டபங்களில், நாட்டுக்கு வழி சொல்ல ஒரு குரு வரமாட்டாரா என்று ஏங்கிக் கூடிய சபையினரிடம். நாள்தோறும் அதே நாற்பது முகங்களைப் பார்த்து, நேற்றுச் சொன்னது விளங்கிற்றா என்று கேட்டு மேலே செல்லும் உபாத்தியாயத் தொழிலுக்கு உதாரணம் காட்ட வேண்டுமானால், நான் வேறொருவரைத்தான் சொல்வேன்.

வில்லியம் எம்ப்ஸன் என்ற ஆங்கிலக் கவி, இருபத்துநான்கு வயதிலேயே கவிதையின் பொருள் மயக்கங்களை ஆராய்ந்து நூல் வெளியிட்டுக் கீர்த்தி பெற்றவர். 1937-இல் பெய்ஜிங் பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்ல ஒப்புக்கொண்டு கிளம்பினார். ஆனால் அந்த வருஷம் ஜூலை 7-ஆம் தேதியே ஜப்பானியர் போர் தொடங்கிவிட்டது. அவரை அழைத்த பல்கலைக்கழகமே நகரத்தை விட்டுப் புறப்பட்டுப் போய், சிங்ஹுவா, நான்காய் ஆகிய வேறிரண்டு கலாசாலைகளோடு சேர்ந்து தெற்கே சாங்ஷா நகரில் தற்காலிகமாகக் கூடியது. அங்கும் இடம் போதாமையால் இலக்கியப் பிரிவு மட்டும், சீனர் புனிதமென்று போற்றும் ஐந்து மலைகளில் ஒன்றான நான்யுவே மலையில், ஒரு கிறிஸ்தவ வேத பாடசாலைக் கட்டடத்தில் தங்கியது. எம்ப்ஸன் திரும்பிப் போகவில்லை. மலையேறிச் சென்று, ஜின் யுவேலின் என்ற தத்துவப் பேராசிரியருடன் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு வகுப்பைத் தொடங்கினார்.

புத்தகம் கிடையாது. மூன்று பல்கலைக்கழகங்களின் நூல் நிலையங்களும் கைக்கு எட்டாதவையாகிவிட்டன. ஷேக்ஸ்பியரைப் படிக்க வந்த மாணவர்களிடம் ஷேக்ஸ்பியர் இல்லை. ஆகவே, தமக்கு மனப்பாடமாயிருந்த செய்யுள்களையும் நாடகப் பகுதிகளையும் ஞாபகத்திலிருந்தே எடுத்து எழுதியும் தட்டச்சு செய்தும் அவர் கொடுக்க, மாணவர்கள் அவற்றைப் பிரதி செய்து வைத்துக்கொண்டு படித்தார்கள். ஏட்டுச் சுவடி அருகிப்போன காலத்தில் ஓதுவித்தும் ஓதியும் இலக்கியத்தைக் காப்பாற்றிய நம் முன்னோருக்கு இந்தக் காட்சி புதிதாகத் தோன்றியிராது. அதே மலையில், அதே மாதங்களில், ஃபெங் யூலான் தம் தத்துவ நூலை எழுதிக்கொண்டிருந்தார். டாங் யோங்டோங் சீனத்துப் பௌத்தத்தின் சரித்திரத்தைச் செப்பம் செய்துகொண்டிருந்தார். தேசம் எரிந்துகொண்டிருக்கையில் ஏன் இந்தக் கவிதையும் தத்துவமும் என்று அந்த ஆசிரியர்களும் மாணவர்களும் தங்களையே கேட்டுக்கொள்ளாமல் இருந்திருக்கமாட்டார்கள். கேட்டுக்கொண்டும், பாடத்தை நிறுத்தவில்லை என்பதுதான் என் நெஞ்சைத் தொடுகிறது.

போர் நெருங்கியது. 1938 பிப்ரவரியில் அந்தக் கூட்டம் மறுபடியும் புறப்பட்டது. அதில் ஒரு பகுதியினர், மாணவரும் சில ஆசிரியருமாக ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் தூரத்தைப் பெரும்பாலும் கால்நடையாகவே கடந்து, தென்மேற்கு மூலையிலிருக்கும் குன்மிங் நகரத்தை ஏப்ரல் இறுதியில் அடைந்தார்கள். அங்கே எழுந்ததுதான் தென்மேற்கு ஒருங்கிணைந்த பல்கலைக்கழகம். தகரக் கூரை போட்ட வகுப்பறைகள். மழை பெய்தால் ஆசிரியர் பேச்சு முதல் வரிசைக்கும் கேட்காது. ஒரு நாள் அப்படிப் பெருமழை பிடித்துக்கொள்ள, பொருளாதாரப் பேராசிரியர் சென் டைசுன், பாடத்தை நிறுத்திவிட்டு மழையை ரசிப்போம் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு உட்கார்ந்துவிட்டார் என்று ஒரு செய்தி இன்றும் வழங்குகிறது. அந்தத் தகரக் கூரைகளின்கீழ்ப் படித்த யாங் சென்னிங், லீ செங்தாவ் இருவரும் 1957-இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு பெற்றார்கள். எம்ப்ஸனிடம் கற்ற மாணவர்களில் ஒருவர், நவீன சீனக் கவிதையின் தலைசிறந்த பெயர்களில் ஒன்றான மூ தான். வாங் சுவோலியாங் ஆங்கில இலக்கியத்தில் பெரும் புலமை பெற்றார். எம்ப்ஸன் 1939-இல் ஊர் திரும்பினார். ஆனால் போர் முடிந்தபின் 1947-இல் மறுபடியும் பெய்ஜிங்குக்கே வந்து, நகரம் முற்றுகையிடப்பட்டு ஆட்சி கைமாறிய நாட்களிலும் அங்கேயே இருந்து, 1952 வரை கற்பித்தார்.

இன்று போகிறவருக்கு இத்தகைய சோதனைகள் இல்லை. வேறு விதமான சிரமங்கள் உண்டு. செப்டம்பர் முதல் தேதி பள்ளி தொடங்கும். பத்தாம் தேதி ஆசிரியர் தினம், ஆகவே வந்து சேர்ந்த புதிதிலேயே மாணவர்களின் வாழ்த்து மடல்கள் மேஜைமேல் குவியும். ஐம்பது பேர் கொண்ட வகுப்பு சாதாரணம். மேஜைகளில் புத்தகங்கள் மோவாய் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு வெந்நீர்க் குடுவை. நாளின் நடுவே ஒலிபெருக்கி தாளத்தோடு எண்ணிக்கை சொல்ல, பிள்ளைகள் அத்தனை பேரும் கண்ணை மூடி, புருவத்தையும் கன்னத்தையும் விரலால் அழுத்தித் தடவுகிற கண் பயிற்சி நடக்கும். மதிய உணவுக்குப் பின் சிறு தூக்கம். இரவு ஒன்பது மணிக்கு மேலும் மேல்வகுப்புகளில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஹுவாய் ஆற்றுக்குத் தெற்கே பெரும்பாலான பள்ளிக்கூடங்களில் குளிர்காலக் கணப்பு கிடையாது. கனத்த கோட்டைக் கழற்றாமலே மாணவர் எழுதுவார்கள், ஆசிரியரும் அப்படியே நின்று பாடம் சொல்லவேண்டும்.

இவ்வளவு உழைப்பும் ஜூன் 7-ஆம் தேதி தொடங்கும் கல்லூரி நுழைவுத் தேர்வை நோக்கியது. அந்தத் தேர்வுக்கு வெளியே நிற்பவர் அயல்நாட்டு ஆசிரியர். மாணவர் மதிப்பெண்ணைப் பற்றிய பயமின்றிப் பேசக்கூடிய ஒரே வகுப்பு சில சமயம் அவருடையதாக இருக்கும். அதை விளையாட்டுப் பொழுதாகக் கழித்துவிடுகிற ஆசிரியர்மீது எனக்கு மெய்யாகவே வருத்தம் உண்டு. வாய் திறக்கக் கூசும் பின்வரிசைப் பிள்ளையின் பெயரை அறிந்து, அதைச் சரியாக உச்சரிக்கக் கற்று, அவன் சொல்ல முயலும் ஒரு வாக்கியம் முடியும்வரை பொறுமையோடு காத்திருப்பது பெரிய காரியம். அதற்கு முதல் பருவம் முழுவதும் வேண்டும். இரண்டாம் பருவத்தில்தான் பலன் தெரியும். ஒரு வருஷத்துக்குக் குறைவாகப் போவதில் பயனில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

நம்மவர் அறிந்துகொள்ள வேண்டிய விதி ஒன்று உண்டு. மொழி கற்பிக்க வருகிறவர் தம் தாய்மொழியையே கற்பிக்கவேண்டும், பட்டமும் கல்வித்துறை அனுபவமோ பயிற்சிச் சான்றோ வேண்டும் என்பது சீன அரசின் பொது நியதி. ஆகையால் ஆங்கிலம் கற்பிக்கும் வேலை இந்தியருக்குக் கிடைப்பது கடினம். கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்கச் சர்வதேசப் பள்ளிகளை நாடுவதே உசிதம். தமிழுக்கும் அங்கே சிறு இடம் இருக்கிறது: சீன வானொலி 1963 முதல் தமிழில் ஒலிபரப்பி வந்திருக்கிறது, பெய்ஜிங் அயல்மொழிப் பல்கலைக்கழகத்திலும் தமிழ் கற்பிக்கப்படுகிறது.

புறப்படுமுன், பட்டச் சான்றிதழுக்கும் காவல்துறை நற்சான்றுக்கும் சீனத் தூதரகம் ஏற்கும் முறையில் அத்தாட்சி பெறுங்கள். வேலை அனுமதி அறிவிப்பு கைக்கு வந்த பிறகே இஸட் என்னும் வேலை விசாவுக்கு விண்ணப்பியுங்கள். போய் இறங்கிய முப்பது நாட்களுக்குள் வசிப்பு அனுமதிக்கு மனுச் செய்துவிட வேண்டும். சுற்றுலா விசாவில் வாருங்கள், பிறகு மாற்றித் தருகிறோம் என்று சொல்கிற தரகர் எவராயினும் அவரை நம்பவேண்டாம். அனுமதியின்றி வேலை செய்யும் அயல்நாட்டாருக்கு அங்கே 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதமும், குற்றம் கடுமையானால் பதினைந்து நாள் வரை காவலும் சட்டத்தில் உண்டு.