மலை ஏற முடிந்தால் சுகமாக இருக்கிறோம் என்று அர்த்தமா?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளால் பதுளை மாவட்டத் தோட்டங்களில் பல குடும்பங்கள் லயங்களை விட்டு வெளியேற நேர்ந்தது. லுணுகலைப் பகுதிக்குத் திரும்பும் உங்களுக்குச் சேறு அள்ளுவது, தண்ணீர் சுமப்பது, மலைக்கு வேலைக்குப் போவது எனப் பல வேலைகள் காத்திருக்கின்றன. அவற்றைத் தொடங்கும் முன் ஒரு விடயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஆரோக்கியம் வேறு, உடல் வலு வேறு.

நோய் இல்லாமல் இருப்பது மட்டும் ஆரோக்கியம் ஆகாது. உடலும் மனமும் சமூக வாழ்வும் நன்றாக இருப்பதே ஆரோக்கியம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உடல் வலு என்பது களைத்து விழாமல் நடக்கவும், ஏறவும், சுமக்கவும் உள்ள திறன். இவற்றில் ஒன்று இருந்தும் மற்றது இல்லாமல் போகலாம்.

வலு உண்டு, சுகம் இல்லை

நாள் முழுவதும் கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கும் இரத்தசோகை இருக்கலாம். தலைச்சுற்று, மூச்சு வாங்குதல் ஆகியவற்றை வேலைக் களைப்பு என்று நாம் விட்டுவிடுகிறோம். ஈமோகுளோபின் அளவு 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்கும் குறைந்தால் அது இரத்தசோகை. மாவு மூட்டையைத் தனியாகத் தூக்கும் ஆணுக்கும் பிரஷர் 140/90ஐத் தாண்டியிருக்கலாம். பெரும்பாலும் அதற்கு எந்த அறிகுறியும் இருக்காது. மலை வேலை செய்பவருக்குப் பிரஷரும் சீனி வருத்தமும் வராது என்பது தவறு.

சுகம் உண்டு, வலு இல்லை

வேலையின்றி இரண்டு மூன்று வாரங்கள் இருந்தாலே உடலின் தாங்கும் சக்தி குறையத் தொடங்கும். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தை மண்சரிவுக்குப் பின் பல குடும்பங்கள் தற்காலிக இடங்களில் நீண்டகாலம் தங்க நேர்ந்தது. அப்படி இருந்துவிட்டு வருபவர் நோயாளி அல்ல. ஆனால் முதல் நாளே பழைய சுமையைத் தூக்கினால் இடுப்புப் பிடிக்கும், சரிவில் கால் வழுக்கும்.

நீங்கள் செய்யக்கூடியவை

• 35 வயதைத் தாண்டியவர்கள் ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்தில் பிரஷரையும் சீனியையும் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அது எங்கே, எந்த நாளில் நடக்கிறது என்று தோட்ட டிஸ்பென்சரியில் கேளுங்கள்.
• கிளினிக் கொப்பி மண்ணில் போயிருந்தாலும் தயங்காமல் போங்கள். மாத்திரைக் கவர் இருந்தால் கொண்டுபோங்கள்.
• சோற்றோடு தேத்தண்ணி குடிக்க வேண்டாம். அது உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேருவதைக் குறைக்கும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கீரை, பருப்பு, நெத்தலியோடு தேசிக்காய்ப்புளி சேர்த்துச் சாப்பிடுங்கள்.
• கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் வந்தவுடனே குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிவு செய்யுங்கள்.
• முதல் வாரம் சுமையைப் பாதியாக்குங்கள். பிறகு சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.
• மழைச் சத்தம் கேட்டால் தூக்கம் வராமல் இருப்பதும் சுகக் குறைவுதான். 1926 என்ற இலக்கத்தில் பேசலாம்.
• நெஞ்சுவலி, ஒரு பக்கம் கை கால் விழுதல், மயக்கம் ஏற்பட்டால் உடனே 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள்.

கிளினிக்குக்குப் போனால் அரைப் பேர் போய்விடும் என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். பிரஷர் தெரியாமலே முற்றிப் பாரிசவாதம் வந்தால் போவது அரைப் பேர் அல்ல, வீட்டின் முழு உழைப்பு. ஒரே நாளில் எல்லோரும் போக முடியாவிட்டால், வீட்டில் ஒருவர் பின் ஒருவராகப் போய் வாருங்கள்.