சொல்லை மாற்றினால் சொந்தமாகிவிடுமா?

1992இல் வெளியான பாமாவின் ‘கருக்கு’ போன்ற தலித் தன்வரலாறுகளை நம் மாணவர்கள் இன்று ஆய்வுக்கு எடுக்கிறார்கள். பெருமைதான். ஆனால் ஒரு கேடும் கூடவே வருகிறது. ஒருவர் எழுதிய பத்தியை எடுத்து, ‘துயரம்’ இருந்த இடத்தில் ‘துன்பம்’ போட்டு, வாக்கியத்தை முன்பின்னாக்கித் தம் பெயரில் சேர்த்துக்கொள்கிறார்கள் சிலர். கேட்டால், ‘அப்படியே எடுக்கவில்லையே’ என்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கருத்துக்கு உரிமை தருவதில்லை. சொன்ன விதத்துக்கே தருகிறது. இரட்டைக் குவளை முறை பற்றி யாரும் எழுதலாம். ஆனால் அதை ஓர் எழுத்தாளர் சொன்ன வரிசையும் உவமையும் நடையும் அவருடையவை.

‘நியூ டெல்லி’ திரைப்படம் தம் நாடகத்தின் நகல் என்று ஆர்.ஜி.ஆனந்த் தொடுத்த வழக்கில், 1978இல் உச்ச நீதிமன்றம் ஓர் அளவுகோல் தந்தது. இரண்டையும் படித்தவரோ பார்த்தவரோ, பின்னது முன்னதன் நகலே என்று ஐயமின்றி உணர்ந்தால் அது உரிமை மீறல். கருத்து ஒத்திருந்தும் சொன்ன விதம் வேறாக இருந்ததால் ஆனந்த் அந்த வழக்கில் தோற்றார்.

உரிமை பெற எழுத்தைப் பதிவு செய்ய வேண்டியதில்லை. எழுதியவுடனே அது பிறந்துவிடுகிறது. ஆய்வுக்கும் விமர்சனத்துக்கும் நியாயமான அளவில் எடுத்தாள 52ஆம் பிரிவு இடம் தருகிறது. பதிப்புரிமையை விற்றுவிட்ட பின்னும், ‘இது என் எழுத்து’ என்று கோரும் உரிமையை 57ஆம் பிரிவு எழுதியவரிடமே விட்டுவைக்கிறது.

ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்தால் பதிப்புரிமை முடியும். அண்ணல் அம்பேத்கர் மறைந்தது 1956இல். அவர் வாழ்நாளில் வெளியிட்ட நூல்களை 2017 முதல் யாரும் அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம். ஆனால் ஏற்கெனவே உள்ள தமிழ் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு என்பதை மறக்கக் கூடாது.

மாணவர்களுக்கு ஒரு வழி சொல்வோம். பத்தியைப் படியுங்கள், நூலை மூடுங்கள், புரிந்ததை உங்கள் சொற்களில் எழுதுங்கள். பிறகு நூலைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஆசிரியர் சொல்லே வேண்டுமென்றால் மேற்கோள் குறிக்குள் இடுங்கள். இரண்டிலும் ஆசிரியர் பெயரும் நூலும் பக்க எண்ணும் வேண்டும். சேரியில் ஒரு பாட்டி சொன்ன கதையானால், அவர் சம்மதம் கேட்டு அவர் பெயரையும் போடுங்கள்.

நாம் உழுத நிலத்தின் பட்டாவில் நம் பெயர் இல்லாமல் போன வரலாறு நமக்குத் தெரியும். நம்மவர் எழுத்திலாவது அவர்கள் பெயர் நிலைக்கட்டும்.