இடையில் நின்ற பின்னும் நர்சிங் படிக்கலாம்
பத்தாம் வகுப்பு மாணவி

நர்சிங் படிப்பதென்றால் பிளஸ் டூ முடித்த கையோடு சேர்ந்துவிட வேண்டும், திருமணமாகிக் குழந்தை பிறந்த பின் அது நடக்காத காரியம் என்று நம் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கங்களில் பலர் கூறக் கேட்கிறோம். இது சரிதானா? இம்மலரைப் படிக்கும் அன்னையரிலும் அக்காமாரிலும் இக்கேள்வியை மனத்தில் அடக்கி வைத்திருப்போர் சிலரேனும் இருப்பர்.

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் நகரில் முறையாகப் பயிற்சி பெற்றது 1851ஆம் ஆண்டில். அப்போது அவருக்கு வயது 31! நம் நாட்டில் துர்காபாய் தேஷ்முக் அம்மையார் எட்டு வயதிலேயே மணம் செய்விக்கப்பட்டவர். பின்னாளில் அவர் படித்து வழக்கறிஞரானார். அவர் தலைமையில் 1953இல் தோன்றிய மத்திய சமூகநல வாரியம், படிப்பை இடையில் விட்ட பெண்களுக்கென்றே 1958இல் சுருக்கப் படிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அப்பெண்கள் ஆசிரியைகளாகவும் நர்ஸ்களாகவும் பயிற்சி பெற வழி செய்வது அதன் நோக்கங்களுள் ஒன்று. எனவே காலந்தாழ்ந்து படிக்க வருவது புதுமையன்று.

ஆனால் எந்தப் படிப்பில் சேருவது என்பது அவரவர் முன்பு எங்கே நிறுத்தினார் என்பதைப் பொறுத்தது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்துத் தேவையான மதிப்பெண் பெற்றவர் நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். வேறு பிரிவு படித்தவருக்கு மூன்றாண்டு ஜி.என்.எம். டிப்ளமோ உண்டு. அதற்கு மேல்வயது வரம்பு 35. முன்னரே ஜி.என்.எம். முடித்துப் பதிவு பெற்றவராயின் நான்காண்டு உழைக்க வேண்டியதில்லை. போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. என்னும் இரண்டாண்டுப் படிப்பிலேயே பட்டம் பெற்றுவிடலாம். இந்த மூன்றாம் வழியைப் பற்றி நம் ஊரில் பலருக்குத் தெரிவதில்லை என்பது என் எண்ணம்.

என் சித்தி இவ்வழியில் செல்ல விரும்புகிறவர். அரியலூரை அடுத்த கிராமத்தில் வாழ்க்கைப்பட்ட அவர், ஜி.என்.எம். முடித்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு குழந்தைகள். பட்டம் பெற்றால்தான் எம்.எஸ்சி. படிக்கவும், நர்சிங் கல்லூரியில் கற்பிக்கவும் முடியும் என்பது அவர் கணக்கு. பெரம்பலூரிலிருக்கும் எங்கள் தாத்தாவோ, "கட்டடம் பெரிசா இருக்கு, காலேஜ் பஸ்ஸும் வருது, அதிலேயே சேர்ந்துடும்மா" என்று ஒரு கல்லூரியைக் காட்டினார். "கட்டடத்தைப் பார்த்து என்னப்பா செய்யறது? ஆஸ்பத்திரியிலே நோயாளிங்க இருக்காங்களான்னு இல்லே பார்க்கணும்!" என்றார் சித்தி.

சித்தி கூறியதில் பொருள் இருக்கிறது. ஊசி போடவும் பிரசவம் பார்க்கவும் கரும்பலகையில் கற்க முடியாது அல்லவா? பி.எஸ்சி. நர்சிங் நடத்தும் கல்லூரிக்குக் குறைந்தது 100 படுக்கைகள் கொண்ட சொந்த மருத்துவமனை இருக்க வேண்டும் என்பதும், மாணவி ஒருவருக்கு மூன்று நோயாளிகள் என்ற அளவு இருக்க வேண்டும் என்பதும் இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிகள். படுக்கைகள் இருந்தால் போதாது, அவற்றில் நோயாளிகளும் இருக்க வேண்டும். பகலில் ஒருமுறை புறநோயாளிப் பிரிவில் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும் என்பார் சித்தி.

அடுத்தது அங்கீகாரம். இதில் ஏமாந்தோர் பலர். எங்கள் தெருவில் ஓர் அக்கா, தம் நகையை அடகு வைத்து ஓரிடத்தில் ஓராண்டு நர்சிங் சான்றிதழ் படித்தார். சென்னையிலுள்ள தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்ய அச்சான்றிதழ் செல்லாது என்பது படித்து முடித்த பின்னரே அவருக்குத் தெரிந்தது. இப்போது அவர் மருந்துக்கடையில் பணியாற்றுகிறார். பணம் கட்டுமுன் கல்லூரியின் பெயர் அக்கவுன்சிலின் பட்டியலில் இருக்கிறதா, பட்டப் படிப்பாயின் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் போன்றதொரு பல்கலைக்கழகத்தின் கீழ் நடக்கிறதா என்று கேட்க வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சிலுக்குப் பதிலாகத் தேசிய ஆணையம் ஒன்றை அமைக்க 2023இல் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. ஆதலால் சேரும் ஆண்டின் விதிகளை அந்த ஆண்டே கேட்டறிவது நலம். பழைய பதிவு காலாவதியாகியிருந்தால் முதலில் அதைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

கட்டணம் என்று சொல்லும் தொகையோடு சீருடை, விடுதி, பஸ், தேர்வுக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டி எழுதிப் பார்ப்பது தாய்மார்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தூரமும் பெரிய விஷயமே. அரியலூருக்கு ரயில் உண்டு. திருச்சிக்குச் சென்று வரலாம். பெரம்பலூருக்கு ரயில் இல்லை, பஸ்தான் கதி. வார்டுப் பணி விடியற்காலையிலேயே தொடங்கும் நாட்களில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்பதைப் பொறுத்தே படிப்பு நடக்கும். அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பட்டது. பெரம்பலூரில் தனியார் கல்லூரிகள் உள்ளன. சித்தி பெரம்பலூரிலேயே சேர்ந்தால் குழந்தைகளைப் பாட்டி பார்த்துக்கொள்வார். ஆனால் சித்தப்பா அரியலூரில் தனியாகச் சமைத்துக்கொள்ள வேண்டும். இதைப் பற்றி வீட்டில் இன்னும் பேச்சு முடியவில்லை!

போஸ்ட் பேசிக் படிப்பில் உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உளவியல், ஆங்கிலம் ஆகியவற்றோடு ஆராய்ச்சியும் புள்ளியியலும் உண்டு. இரத்தத்தைக் கண்டு அஞ்சாத சித்தி புள்ளியியலைக் கண்டு அஞ்சுகிறார். எங்கள் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் கடைசிப் பாடம் அதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் திட்ட விலக்கம் காணும் முறையை நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இதுவரை ஏழு கணக்குகள் போட்டிருக்கிறார்.